பன்றி தேடிய ஒரே செடி

ஒரு காட்டில் ஒரு காட்டுப்பன்றி ஏமாந்தது. எப்படி ஏமாந்தது என்று சொன்னால் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். அதனால் இப்போது சொல்லப்போவதில்லை. முதலில் கடலையைப் பற்றிக் கொஞ்சம் கேளுங்கள். கடலையில் சிரிக்க ஒன்றும் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பன்றிக்கு ஆற்றோரத்தில் ஒரு வயல் இருந்தது. அங்கே நின்ற மரம், செடி எல்லாவற்றையும் முட்டித் தள்ளிவிட்டு, வேலி முதல் வேலி வரை கடலை மட்டுமே போட்டிருந்தது. பத்து வகை வைத்துக்கொண்டு பாடுபடுகிறவர்கள் எல்லாம் முட்டாள்கள் என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் உறுமும்.

அந்த வருஷம் கடலை பறிக்கிற நேரம் பார்த்து, காலம் தவறிய மழை கொட்டியது. கடலை முழுவதும் மண்ணுக்குள்ளேயே முளைத்துப்போனது. பன்றி மறுபடியும் விதைத்தது. இந்தத் தடவை மழை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முளைத்ததெல்லாம் வெயிலில் அப்பளமாகப் பொரிந்தது. காட்டுச் சந்தைக்கு வெறும் கூடையோடு போன பன்றி, வெறும் கூடையோடு திரும்பி வந்தது.

அதே சந்தையில் அணில் மட்டும் ஒரு வாரமும் தவறாமல் கடை விரித்தது. அதன் தோட்டமோ பன்றி படுத்து இரண்டு புரள் புரண்டால் முடிந்துவிடும். வேலியில் முருங்கை, நடுவில் பலா, பலாமேல் மிளகுக்கொடி, பக்கத்தில் வாழை, நிழலில் மஞ்சள், மண்ணுக்குள் சேனைக்கிழங்கு. அதை வைத்துத்தான் அணில் தன் மூன்று குட்டிகளையும் வளர்த்தது.

பன்றி யோசித்தது. இத்தனையில் ஏதோ ஒன்றுதான் மந்திரச் செடி, மற்றதெல்லாம் அதை மறைக்கிற பம்மாத்து என்று முடிவு கட்டியது. நேராகச் சந்தையில் அணிலின் கடைக்குப் போய் அந்த ஒரு செடி எது என்று கேட்டது. அப்படி ஒன்றும் கிடையாது என்று அணில் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தது.

"நாளைக் காலையில் வருவேன், அணிலக்கா" என்றது பன்றி. "அந்தச் செடியை வேரோடு எடுத்துக்கொண்டு போவேன். காட்டாவிட்டால் தோட்டம் முழுக்க மூக்கை விட்டுக் கிளறிப் பார்த்துக்கொள்வேன். எனக்கொன்றும் சிரமமில்லை."

அணில் அழுதுகொண்டே வீடு வந்தது.

பலாமரத்தில் ஒரு கரிச்சான் குருவி குடியிருந்தது. எந்தக் குரலைக் கேட்டாலும் அப்படியே பேசிக் காட்டும். கிளியின் குரலில் பேசி, கிளியின் மாமியாரையே ஏமாற்றிய ஆள். அது முழுக் கதையையும் கேட்டது. காலையில் யார் பேசினாலும் குட்டிகளோடு பொந்துக்குள்ளேயே இருக்கச் சொன்னது. அழுகிறவள் முன்னால் சிரிக்கக் கூடாதே என்று அலகைச் சிறகுக்குள் புதைத்துக்கொண்டது.

சிரிப்பு கிளம்பிவிட்டது, குழந்தைகளே. வழியில் வந்துகொண்டிருக்கிறது.

விடிந்ததும் பன்றி வந்தது. போன வாரம் அணில் விற்றது முருங்கைக்காய். ஆகவே முருங்கையடியில் மூக்கை வைத்தது.

"கூசுது மாமா" என்று மெல்லிசாக ஒரு குரல் கேட்டது.

பன்றி மூக்கை எடுத்தது. மரமே பேசுகிறதென்றால் இது மந்திரத் தோட்டம்தான், சந்தேகமே இல்லை. பேசியது யார் என்று உங்களுக்குத் தெரியும். பன்றியிடம் சொல்லிவிடாதீர்கள்.

"நீதானே அந்தச் செடி?"

"நானா? வெயில் காலத்தில் காய்ப்பேன். மழை கூடினால் என் பூவெல்லாம் கொட்டிப்போகும். அப்போது அணிலுக்குச் சோறு போடுவது மஞ்சள். அவளைப் பிடியுங்கள், மாமா."

பன்றி மஞ்சளிடம் ஓடியது. மஞ்சள் மூக்கால் பேசியது. பலா நிழல் கொடுத்து, இலை உதிர்த்து மண்ணை மூடாவிட்டால், இந்த வெயிலில் தான் கருவாடுதான் என்றது. பன்றி பலாவிடம் ஓடியது. பலா ஒரு பெரிய ஏப்பம் விட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை பழுக்கிற தன்னை நம்பி வருஷம் முழுக்கச் சாப்பிட முடியுமா என்று கேட்டு, தன் தோள்மேல் ஏறியிருக்கிற மிளகிடம் அனுப்பியது. மிளகு இரண்டு தும்மல் போட்டுவிட்டு, ஏற மரம் இல்லாவிட்டால் தான் வெறும் கயிறு என்று சொல்லி, வாழையைக் கேட்கச் சொன்னது. பெருங்காற்று வந்தால் முதல் ஆளாகப் படுத்துவிடுவது நான்தான் என்றது வாழை. அப்போதெல்லாம் குடும்பத்தைக் காப்பாற்றுவது சேனையாம்.

பன்றி மண்ணில் காதை வைத்தது. "சேனையண்ணே, நீங்கள்தானா?"

கரிச்சான் சத்தமில்லாமல் சேனைத் தண்டுக்குப் பின்னால் இறங்கிக் குரலைக் கட்டையாக்கிக்கொண்டது.

"தூங்குகிறவனை எழுப்பாதே. நான் எட்டு மாசம் மண்ணுக்குள் கிடப்பேன். அதுவரை இந்த வீட்டில் உலை வைப்பது முருங்கை. போய் அதைக் கேள்."

பன்றி முருங்கைக்கு ஓடியது. முருங்கை மஞ்சளிடம் அனுப்பியது. மஞ்சள் பலாவிடம், பலா மிளகிடம். மூன்றாவது சுற்றில் பன்றியின் முன்னங்கால் ஒரு பக்கம் போனது, பின்னங்கால் வேறு பக்கம் போனது. நான்காவது சுற்றில் அது வாழையைப் பார்த்து "மிளகக்கா" என்றது. ஐந்தாவது சுற்றில் தோட்டமே அதைச் சுற்றி ஓடியது. பன்றி பொத்தென்று உட்கார்ந்தது.

"எதைத்தான்டா பிடுங்குவது?" என்று முனகியது.

"எதைத்தான்டா பிடுங்குவது?" என்று பலாமேலிருந்து ஒரு முனகல் வந்தது. அதே கரகரப்பு. அதே மூச்சிரைப்பு. கடைசியில் வரும் அந்தச் சின்ன உறுமல்கூட அதேதான்.

பன்றி தன் வாயைத் தொட்டுப் பார்த்தது. மூடித்தான் இருந்தது. மெதுவாகத் தலையைத் தூக்கியது. கிளையில் கரிச்சான் சிரிப்பை அடக்க மாட்டாமல் குலுங்கிக்கொண்டிருந்தது.

"அட கரிச்சான் பயலே, நீயா?"

பன்றி முருங்கையைப் பார்த்தது. மஞ்சளைப் பார்த்தது. பலாவையும் அதைக் கட்டிக்கொண்டிருந்த மிளகையும் பார்த்தது. கோபத்தில் மண்ணுக்குள் இறக்கப்போன மூக்கு பாதியிலேயே நின்றது.

"குரல்தான் உன்னுடையது. சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லையே" என்றது பன்றி. "இதில் எதைப் பிடுங்கிக்கொண்டு போனாலும், மிச்சம் ஐந்தும் பக்கத்தில் இல்லாமல் அது என் வயலில் செத்துத்தானே போகும்?"

நீதி: ஒரே பயிரை நம்பினால் ஒரு மழையோ ஒரு வெயிலோ போதும், எல்லாம் போய்விடும், பல பயிர்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் தோட்டம், காலம் தவறினாலும் கைவிடாது.