சும்மாடு கேட்ட கல்

முன்னொரு காலத்திலே, காது கொடுத்தால் கல்லும் பேசிய காலத்திலே, உவர்நாடு என்று ஒரு ராஜ்யம் இருந்தது. நாடு முழுக்க உப்பளம். உப்பு மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு தொலைதூரச் சந்தைக்கு நடப்பதுதான் சனங்களின் பிழைப்பு. தலையில் ஒரு சுமை, நெஞ்சில் ஒரு சுமை. கவலை இல்லாத மனிதர் அன்றைக்கும் கிடையாது, கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே கொம்பையா என்று ஒரு உப்புக்காரன். மனைவி பெயர் பேச்சி. மகள் பெயர் மயிலி. மயிலிக்குத் தம்பியோ தங்கையோ பிறக்கப்போகிறது என்று வீடே காத்திருந்தபோது, பிள்ளை வயிற்றில் இருக்கையிலேயே பேச்சி இறந்துபோனாள்.

அப்படிப் போனவள் பெயரில் பாதையோரம் சுமைதாங்கி நடுவது வழக்கம். இரண்டு கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லைக் கிடத்துவார்கள். வழிப்போக்கர் அதில் மூட்டையை இறக்கி, மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி தூக்கிக்கொண்டு போவார்கள். அவர்கள் சுமை இறங்க இறங்க, போனவளின் வயிற்றுச் சுமையும் இறங்கும் என்று நம்பிக்கை. கொம்பையாவும் நட்டான். நட்டுவிட்டு அந்தக் கல்லடியிலேயே பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தான்.

அந்த வழியாக நீலகேதன் என்ற மந்திரவாதி வந்தான். தேன் ஒழுகப் பேசுகிறவன். அப்படிப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

"கொம்பையா, மூட்டையை இறக்கக் கல் நட்டாய். நெஞ்சுச் சுமையை எங்கே இறக்குவாய்?"

"அதுக்கு ஏது சாமி கல்லு?"

"இதையே அப்படி ஆக்கித் தருகிறேன். கையை வைத்து 'இறக்கினேன்' என்று சொன்னால் போதும். நீ சிந்தாமல் விடுகிற கண்ணீர் எனக்கு."

சிந்தாத கண்ணீர் யாருக்கு வேண்டும்? கொம்பையா தலையாட்டினான். நீலகேதன் சாம்பலை ஊதினான். கொம்பையா கையை வைத்து, "இறக்கினேன்" என்றான். நெஞ்சு பஞ்சாகிவிட்டது. சீட்டியடித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தான்.

வாசலில் மயிலி அழுதுகொண்டிருந்தாள். "அம்மா நெனப்பாவே இருக்குப்பா."

"எந்த அம்மா தாயி?"

அவன் விளையாடவில்லை. துக்கத்தை இறக்கி வைத்தபோது பேச்சியும் கூடவே இறங்கிவிட்டாள். பாவி மனிதன், அவளையே மறந்துபோனான்.

ஊரெல்லாம் கல்லைத் தேடி வந்தது. காய்ச்சல் பிள்ளையைத் தூக்கி வந்த தாய் "இறக்கினேன்" என்றாள்; பிள்ளைக்குக் கஞ்சி ஊட்ட மறந்தாள். மகளுக்கு மாப்பிள்ளை அமையாத தகப்பன் "இறக்கினேன்" என்றான், மகளைப் பார்த்து "நீ யார் வீட்டுப் பெண்?" என்றான். ராஜாவும் பல்லக்கில் வந்து "இறக்கினேன்" என்றார், ஏரிக்கரை உடைகிறது என்று சேவகன் ஓடி வந்தபோது, "அப்படியா? வெற்றிலை எடு" என்றார். யார் முகத்திலும் கவலை இல்லை. வேறு எதுவும் இல்லை. சிந்தாத கண்ணீரையெல்லாம் நீலகேதன் முத்தாக்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டான்.

மயிலி மட்டும் கையை வைக்கவில்லை. தானும் மறந்துவிட்டால் அம்மாவை நினைக்க யார் இருக்கிறார்கள்?

நாளாக ஆகக் கல் பூமிக்குள் இறங்கிக்கொண்டே போனது. மார்பளவு நின்ற கல் முழங்காலளவு ஆனது. மயிலி அதில் காதை வைத்தாள். உள்ளே அம்மாவின் குரல்!

"இறக்குறாங்க, இறக்குறாங்க, எடுப்பார் இல்லையே மயிலி. கல்லு மண்ணுக்குள்ள போயிட்டா நானும் பிள்ளையும் அதோட கிடக்க வேண்டியதுதான்."

"நான் என்னம்மா செய்யணும்?"

"சும்மா..." என்றது குரல். அதற்குள் எவனோ வந்து "இறக்கினேன்" என்றான். குரல் நசுங்கிப்போனது.

சும்மா இருக்கச் சொல்கிறாளா? மயிலி சும்மா இருந்து பார்த்தாள். கல் இறங்கியது. மறுநாள் கேட்டாள். "சும்மா..." அவ்வளவுதான். அதற்கு மறுநாளும் கேட்டாள். "சும்மா..." கல் கணுக்காலளவுக்கு வந்துவிட்டது.

அழுதுகொண்டே தண்ணீர் எடுக்கப் போனாள். குடத்தைத் தூக்கும் முன்னால், அம்மா பழக்கிய கை பழைய சேலையைத் தானாகச் சுருட்டித் தலையில் வைத்தது. மயிலி அப்படியே நின்றாள்.

"சும்மாடு!" என்று கத்தினாள். "அம்மா சும்மாடு கேக்குறா!"

வீட்டுக்கு ஓடினாள். கொம்பையா சாப்பாட்டுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தான். மூன்று இலை. தினமும் அப்படித்தான்.

"மூணாவது இலை யாருக்குப்பா?"

"தெரியல தாயி. கை தானாப் போடுது." அவன் அந்த இலையையே பார்த்தான். "சுகமாத்தான் இருக்கேன். ஆனா இதைப் பாத்தா என்னமோ பண்ணுது."

"வெறுந்தலையில மூட்டை தூக்குவீங்களாப்பா?"

"மண்டை பிளந்துடும். சும்மாடு வேணும்ல?"

"நெஞ்சுச் சுமைக்கும் வேணும். அது இல்லாமத்தான் உங்களால தாங்க முடியல. நான் கட்டித் தாறேன். சுமையை எடுத்துக்குங்கப்பா."

நல்லெண்ணெயில் மிளகு போட்டுக் காய்ச்சி, வெகுநாளாக எண்ணெய் காணாத அவன் உச்சியில் வைத்துத் தேய்த்தாள். வெந்நீரில் குளிக்க வைத்தாள். மிளகு ரசம் விட்டுக் குழையப் பிசைந்த சோறு கொடுத்தாள். வேப்பமரக் காற்றில் உட்கார வைத்து, "மெதுவா மூச்சு விடுங்க" என்றாள். நெஞ்சுக்கு அவள் கட்டிய சும்மாடு அதுதான். பிறகு கையைப் பிடித்துக் கல்லுக்குக் கூட்டிப்போனாள்.

கொம்பையா கையை வைத்து, "எடுத்தேன்" என்றான்.

முழங்கால் மடிந்து விழுந்தான். "ஏ பேச்சி! என்னை விட்டுப் போயிட்டியே பேச்சி!" வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதான். மயிலி தடுக்கவில்லை. அவனைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். அழுது முடித்தவன் பேச்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். மயிலி கேட்டுக்கொண்டே இருந்தாள். பேசப் பேச அவன் முதுகு நிமிர்ந்தது. சுமை குறையவில்லை. தூக்க முடிந்தது.

அதைப் பார்த்த ஊரும் எண்ணெய் தேய்த்து முழுகியது. பக்கத்து வீட்டில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசியது. ஒவ்வொருவராக வந்து, "எடுத்தேன், எடுத்தேன்" என்றார்கள். தாய் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்ட ஓடினாள். தகப்பன் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். ராஜா கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கரைக்கு மண் சுமந்தார். கண்ணீர் சிந்தச் சிந்த நீலகேதனின் முத்தெல்லாம் கரைந்து வழிந்தது. வெறும் நூலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஓடியவன் எங்கே போனானோ, யார் கண்டது?

கல் மார்பளவுக்கு எழும்பி நின்றது. அதன்மேல் பேச்சி உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு பிள்ளையோடு.

"அம்மா, போகாதேம்மா!"

"சுமை இறங்கிடுச்சு மயிலி." பிள்ளையின் முகத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். "உனக்குத் தம்பி."

அவ்வளவுதான். கல் மட்டும் இருந்தது.

அன்றைக்கும் கொம்பையா மூன்று இலை போட்டான். இந்தத் தடவை யாருக்கென்று தெரிந்து போட்டான். மயிலி எழுந்து போய், குருத்திலிருந்து ஒரு சின்ன இலையைக் கிள்ளி வந்து, அதன் பக்கத்தில் வைத்தாள்.