மாமனை மடக்கிய கிலுகிலுப்பை

ஒரு மலையடிவார ஊர்ல பூவராகன்னு ஒரு ராஜா இருந்தார். ஜமுக்காளத்துல சம்மணம் போட்டுத்தான் சாப்பிட்டார், அப்படியே நாட்டையும் ஆண்டார். அவர் தங்கச்சி செங்கமலத்துக்கு சிட்டுன்னு ஒரு பெண்குழந்தை. அந்த நாட்டு வழக்கம் என்னன்னா, குழந்தைக்கு எந்த மாமன் மடியில காது குத்துறாங்களோ அந்த மாமனுக்குத்தான் ராஜ்யம். தரையில சம்மணம் போட்ட மடியா இருக்கணும்.

ராஜாவோட சித்தப்பா மகன் சூரப்பனுக்கு ராஜ்யத்து மேல ஒரு கண்ணு. கப்பல்ல வந்த நாற்காலி ஒண்ணைக் கொண்டுவந்து வச்சான்.

"அண்ணா, நாய் உட்காருற தரையில ராஜா உட்காரலாமா?"

ராஜா ஏறி உட்கார்ந்தார். சுகமா இருந்தது. அப்புறம் நாற்காலியிலயே வழக்கு, நாற்காலியிலயே சாப்பாடு, நாற்காலியிலயே குறட்டை. வெயில் போச்சு, மழை போச்சு, பனி வந்தது. ம் கொட்டு, தூங்கிட்டியா?

ஒருநாள் தரையில உட்காரலாம்னு பார்த்தா முட்டி மடங்கலை, பழைய கதவு மாதிரி கிரீச்சுங்குது.

"கவலைப்படாதீங்கண்ணா, சிட்டுவுக்கு என் மடி இருக்கே"ன்னான் சூரப்பன்.

ராஜா தங்கச்சிகிட்ட போய், "என் மடியே போச்சும்மா"ன்னு அழுதார்.

"எங்கேயும் போகலை. இவளைப் பார்த்துக்குங்க, வேற ஆள் தொடக்கூடாது"ன்னு குழந்தையை விட்டுட்டுப் போயிட்டா செங்கமலம்.

சிட்டு கிலுகிலுப்பையை டொப்புன்னு கீழே போட்டா. ராஜா முனகிக்கிட்டே குனிஞ்சு எடுத்தார். மறுபடியும் டொப்பு. முழங்கால் போட்டு எடுத்தார். மறுபடியும் டொப்பு, கட்டிலுக்கு அடியில. கிரீடத்தைக் கழட்டி வச்சுட்டுத் தவழ்ந்தே போனார். தினம் தினம் இதே வேலை. அப்புறம் குத்துக்கால் வச்சு உட்கார வந்தது, அப்புறம் ஒரு கால் மடங்குச்சு, அப்புறம் ரெண்டு காலும்.

அதுவரைக்கும் நாற்காலி காலியாவா கிடந்தது? சூரப்பன் ஏறிக்கிட்டான். அதுல உட்கார்ந்தா இப்பவே ராஜா ஆயிட்ட மாதிரி இருந்ததாம். அங்கேயே சாப்பாடு, அங்கேயே குறட்டை.

காது குத்துற நாள் வந்தது. ஆசாரி, "மடி எங்கே?"ன்னார். சூரப்பன் முந்திக்கிட்டு ஓடினான், உட்காரப் போனான், முட்டி மடங்காம பச்சரிசித் தாம்பாளத்துல குப்புற விழுந்து ஓன்னு அழுதான்.

"குழந்தையே இன்னும் அழலை, நீங்க ஏன்யா அழறீங்க?"ன்னார் ஆசாரி.

ராஜா அழகா சம்மணம் போட்டார். செங்கமலம் பயத்துல கண்ணை மூடிக்கிட்டா. ஆசாரி காது குத்தினதும் சிட்டு வீல்னு கத்தி கிலுகிலுப்பையை விட்டெறிஞ்சா. மாமா எட்டி எடுத்துக் கொடுத்ததும் சிரிச்சுட்டா.

சூரப்பனுக்கு என்ன தண்டனை? "இனிமே இவ போடுறதையெல்லாம் நீங்கதான் எடுக்கணும்"னுட்டா செங்கமலம். டொப்பு, டொப்பு, டொப்பு. நாற்காலியில இப்போ அரண்மனைக் கோழி அடைகாக்குது.

நாற்காலிக்கு நாலு கால், ஒண்ணும் மடங்காது. உனக்கு ரெண்டே கால், நல்லா மடங்கும். மடக்கி விளையாடியாச்சு, இப்போ நீட்டித் தூங்கு.