அவரை நம்பிய முயல்

ஓர் ஓடைக்கரையில் அத்திமரம் ஒன்று நின்றது. அதன் கிளையில் ஒரு குரங்கும், வேரடி வளையில் ஒரு தாய்முயலும் வாழ்ந்தன. குரங்கு கடித்து எறிந்த பழங்களை முயல் தின்றது. அவற்றை அது எச்சில் என்று சொல்வதில்லை. விருந்து என்றே சொல்லும். குரங்கையும் 'அவர்' என்றே குறிப்பிடும்.

ஆயினும் முயலுக்கு ஒரு கவலை இருந்தது. சென்ற கோடையில் பழமின்றி அதன் குட்டிகளுள் ஒன்று இறந்துபோயிற்று. ஆகவே, ஆடி மழையில் அது வளையருகே மண்ணைக் கிளறி அவரை விதை ஊன்றியது. விதைகள் முளைத்தன. இனிப் பந்தல் போட வேண்டும்.

"நான் கொடுப்பது போதவில்லையோ?" என்று குரங்கு மேலிருந்து கேட்டது.

"அப்படியில்லை ஐயா. கோடைக்காகத்தான்."

"கோடையில் நான் எங்கே போய்விடப் போகிறேன்? பந்தல் போடும் நேரத்தில் என் வாலுக்குப் பேன் பார்த்தால் புண்ணியமாவது சேரும்."

முயல் குழம்பிப்போய், பக்கத்து வளை முள்ளம்பன்றியிடம் சென்றது. முள்ளம்பன்றி சொற்களைச் சிக்கனமாகச் செலவிடும்.

"அண்ணா, கோடைக்கு எதை நம்பலாம்? தோட்டத்தையா, குரங்காரையா?"

முள்ளம்பன்றி கிழங்கைத் தோண்டியபடியே, "அவரை நம்பு. கைவிடாது" என்றது.

'அவர்' என்றால் முயலுக்கு உலகில் ஒருவர்தாம். அது மகிழ்ந்து திரும்பியது. பந்தலை மறந்து பேன் பார்க்க அமர்ந்தது. பற்றுக்கோல் இல்லாத கொடிகள் தரையில் படர்ந்து அழுகின.

கோடை வந்தது. அத்திப்பழம் தீர்ந்தது.

"அக்கரையில் மா பழுத்திருக்கிறது. வருகிறேன்" என்றது குரங்கு.

"நாங்கள் என்ன செய்வது, ஐயா?"

"உங்களுக்குத் தாவத் தெரியாதா?" என்று வியந்துவிட்டுக் குரங்கு போய்விட்டது.

பசித்த குட்டிகளுடன் முயல் முள்ளம்பன்றியிடம் ஓடியது. "அவரை நம்பு என்றீர்களே! நம்பினேன். கைவிட்டுவிட்டார்."

"'கைவிட மாட்டார்' என்றா சொன்னேன்? 'கைவிடாது' என்றேன். அஃறிணை."

"குரங்கும் அஃறிணைதானே, அண்ணா?"

"அது உனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறதா?"

முள்ளம்பன்றி தோட்டத்தோரத்து இலந்தைப் புதர் ஒன்றைக் காட்டியது. ஒற்றை அவரைக்கொடி எவர் உதவியுமின்றி அதன்மேல் ஏறியிருந்தது. காய்ந்த நெற்றுகள் காற்றில் கலகலத்தன. முயலும் குட்டிகளும் அவற்றைத் தின்று, மழை வரும்வரை உயிர் தரித்தன. விதைக்கென்று ஒரு பிடியை முயல் தொடவே இல்லை.

அடுத்த ஆடியில் அது விதையை ஊன்றியதும் பந்தலைப் போட்டது. கொடி பந்தலை மூடிக் காய்த்தது. கோடைக்கு வேண்டிய நெற்றுகள் வளையில் நிறைந்தன.

அக்கோடையில் அக்கரை மாவும் காய்க்கவில்லை. குரங்கு எலும்பும் தோலுமாய்த் திரும்பி வந்தது.

"தங்காய், பிழைக்க எனக்கும் ஒரு வழி சொல்."

முயல் அதற்கு உண்ணக் கொடுத்தது. பிறகு ஒரு பிடி விதையை அதன் கையில் வைத்து, "அவரை நம்புங்கள். கைவிடாது" என்றது.

குரங்கு சுற்றுமுற்றும் பார்த்தது.

"யாரை?" என்று கேட்டது.

பிறர் கையை நம்பியவர்க்குப் பருவம் மாறினால் பசி. தம் கொல்லைக் கொடியை நம்பியவர்க்கு எப்பருவத்திலும் உணவு.