மேனேஜர் அறைக்கு எந்தக் கருவி?

லாட்ஜ் முழுக்க சிகரெட் நாற்றம் என்று முதலாளியம்மா சீறியதும், மேனேஜர் தணிகைவேல் பழியைத் தூக்கி வாட்ச்மேன் இருளப்பன் தலையில் போட்டார். "இன்னிக்கே இவனை அனுப்பிடலாம்மா!"

தீ எச்சரிக்கைக் கருவி பொருத்த வந்த பூங்கொடி ஏணியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளையும் மேனேஜர் அதட்டினார்.

"ஏம்மா, எல்லா ரூமுக்கும் புகை பட்டா அலறுறதை மாட்டு. என் ரூமுக்கு மட்டும் சூடு ஏறினா அலறுறது போதும்."

"சரிங்க சார். சமையல்கட்டுக்குத்தான் அதை மாட்டுவோம். தினமும் புகை வர்ற இடம் பாருங்க, மத்தது ஓயாம அலறும்" என்றவள், அப்பாவியாகக் கேட்டாள்: "உங்க ரூம்ல யாரு சார் சமைக்கிறது?"

மேனேஜரின் கை தானாகச் சட்டைப்பையைப் பொத்தியது.

முதலாளியம்மா திரும்பினார். "இருளப்பா, போய் கேட்டைத் திற. சார் கிளம்புறாரு."