சண்டைக்கு ஆள் கிடைத்த ராஜா

முன்னொரு காலத்தில், மாதம் மும்மாரி பெய்கிறது என்று புலவர்கள் பாடிக்கொண்டிருக்க, ஜனங்கள் மட்டும் காலிக் குடத்தோடு அலைந்துகொண்டிருந்த கொன்றைநாட்டை செண்டலங்காரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் ஊரில் எவனுக்காவது ஒன்று இருந்து தனக்கு இல்லையென்றால் அவனுக்குச் சோறு இறங்காது. ஒருமுறை குதிரைக்காரனுக்கு விக்கல் வந்ததைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஏன் வரவில்லை?" என்று அரண்மனை வைத்தியரைப் படுத்தியெடுத்தவன்.

அப்படிப்பட்டவனிடம் மந்திரியாக இருந்தே தலை நரைத்தவர் திருமேனியார். அந்தக் கத்திரி வெயிலில் அவருக்கு ஒரே கவலை. அரண்மனை மதிலை ஒட்டிய கீழவீதி முழுக்கக் கூரை வீடுகள். கிணறு வற்றிவிட்டது. போன வாரம் ஒரு வீடு எரிந்தபோது ஊற்றத் தண்ணீர் இல்லை. மதிலுக்கு இந்தப் பக்கமோ தாமரைக்குளம் ததும்பி நின்றது. "யாராவது விழுந்து செத்தால் யார் பொறுப்பு?" என்று அதற்குப் போகும் மதில் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தார் கோட்டைக் காவல் தலைவர் பரங்கிரியார். அவருக்கு மந்திரி பதவிமேல் ஒரு கண். திருமேனியார் குளத்தைப் பற்றி வாயெடுத்தாலே, "ஜனங்கள் மூழ்கட்டும் என்கிறாரா மந்திரி?" என்று அவையைக் கலக்கிவிடுவார்.

ஒருநாள் மதிலுக்கு வெளியே ஒரே இரைச்சல்.

"என்ன கலகம்?" என்றான் ராஜா.

"கலகமில்லை, அரசே. கீழவீதிச் சங்கம் கூடியிருக்கிறது. இந்தக் கோடைக்குத் தீக்காவல் யார் முறை என்று பேசுகிறார்கள்," என்றார் திருமேனியார்.

"என்னை ஏன் கூப்பிடவில்லை?"

"அது தெருக்காரர்கள் சங்கம்."

ராஜாவின் முகம் சுருங்கியது. "அப்படியானால் நான் எந்தத் தெரு?"

பரங்கிரியார் முந்திக்கொண்டார். "அரண்மனையே ஒரு தெரு, மகாராஜா! அதற்குத் தனிச் சங்கம். தலைவர் தாங்கள். செயலாளரும் தாங்களே!"

மறுநாளே சங்கம் தொடங்கியது. காலையில் தலைவர் ராஜா ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். செயலாளர் ராஜா எதிர்த்தார். மதியம் செயலாளர் கோபித்துக்கொண்டு சாப்பிட மறுத்தார். இருவருக்கும் வயிறு ஒன்றே என்பதால் தலைவரும் பட்டினி. சாயங்காலம் இருவருமே விலகிவிட்டார்கள்.

"எனக்குக் கீழவீதிச் சங்கம்தான் வேண்டும்!" என்று கத்தினான் ராஜா.

"ஆணையிட்டுச் சேர்ந்தால் மரியாதை இல்லையே," என்று இழைந்தார் பரங்கிரியார். "அவர்களாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மந்திரியார் கெட்டிக்காரர், முடித்துவிடுவார். முடியாவிட்டால் அந்த ஆசனத்தில் வேறு ஆள் உட்காரலாமே?"

"சரி. நாளை பொழுது சாய்வதற்குள் முடித்தாக வேண்டும், திருமேனியாரே. இல்லையென்றால் உம் ஆசனம் இவருக்கு."

திருமேனியார் வியர்க்க விறுவிறுக்கக் கீழவீதிக்கு நடந்தார். சங்கத் தலைவி பேச்சாயி காய்ந்த வடாமைத் தட்டில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"ராஜாவைச் சேர்க்கிறதா? முடியாதுங்க சாமி. பக்கத்து வீட்டோட ஒரு தடவையாவது வாய்ச்சண்டை போட்டவங்கதான் எங்க சங்கத்துல சேரலாம். சண்டையே போடாத ஆளை எப்படிங்க நம்புறது?"

"ராஜாவுக்குப் பக்கத்து வீடு யார்?"

"மதிலுக்கு இந்தப் பக்கம் நான்தான்."

"அப்படியானால் நாளைக்கு வந்து சண்டை போடு."

"என் தலை?"

"அதற்கு முன்னால் என் தலை உருளும். கவலைப்படாதே."

மறுநாள் அவை கூடியிருந்தது. பேச்சாயி வடாம் தட்டோடு நேரே நடுவில் வந்து நின்றாள்.

"ஏங்க மேலவீட்டுக்காரரே! மூங்கில் வளர்த்தா மட்டும் போதுமா? பூரா எங்க கூரைமேல சாயுது. சருகு கொட்டி என் வடாம் வீணாப்போச்சு. இந்த வெயில்ல மூங்கிலோட மூங்கில் உரசி ஒரு பொறி விழுந்தா தெருவே சாம்பல்! நீங்க வெட்டுறீங்களா, நான் அரிவாளோட வரட்டுமா?"

பரங்கிரியார் வாளை உருவினார். ராஜாவின் மீசை துடித்தது. திருமேனியார் ராஜாவின் காதருகே குனிந்தார். "அரசே, குடிமகள் பேசினால் 'மகாராஜா' என்பாள். இவள் தங்களை எப்படிக் கூப்பிட்டாள், கவனித்தீர்களா?"

"மேலவீட்டுக்காரரே என்றாள்..." ராஜாவின் முகம் மெல்ல மலர்ந்தது. சிங்காசனத்திலிருந்து குதித்தான். "என் மூங்கிலைச் சொல்கிறாயா? முதலில் உன் சேவலை அடக்கு! விடியுமுன் கூவி என் தூக்கத்தைக் கெடுக்கிறது!"

"சேவல்னா கூவாம வீணையா வாசிக்கும்?"

"என் தூக்கம் போகிறதே!"

"பகல்ல அவையில தூங்குறது போதலையாக்கும்!"

அவையோர் காதைப் பொத்திக்கொண்டார்கள். ராஜாவுக்கோ ஆனந்தத்தில் கண் கலங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து ஒருவர்கூட அவனை எதிர்த்துப் பேசியதில்லை. இருவருக்கும் தொண்டை வறண்டபின் பேச்சாயி சொன்னாள்: "போதும், நீங்க சங்கத்துல சேர்ந்தாச்சு. கத்திரி முடியறவரைக்கும் வாசல்ல நிறைகுடம் வைக்கணும். எங்க தீப்பிடிச்சாலும் அந்தத் தண்ணி பொது."

"என் வீட்டில் குடம் எது?" என்றான் ராஜா.

"தாமரைக்குளம்தான், அரசே," என்றார் திருமேனியார். "கதவைத் திறந்தால் போதும், வாசலில் வைத்த மாதிரி."

"ஆபத்து! குழந்தைகள் மூழ்குவார்கள்!" என்று அலறினார் பரங்கிரியார்.

"அவர் பயமும் நியாயம்தான்," என்றார் திருமேனியார் சாந்தமாக. "இவ்வளவு அக்கறை உள்ளவரே கரையில் காவல் இருக்கட்டும்."

"பேஷ்!" என்றான் ராஜா. "பரங்கிரியாரே, சாவியைக் கொடும். கயிறும் மிதவைக்குச் சுரைக்குடுக்கையுமாகப் படித்துறையில் போய் உட்காரும். இந்தக் கோடையில் ஒரு உயிர் போனாலும் உம் பதவி போயிற்று!"

மூங்கிலை வெட்டத் தொடங்குவதற்குள், அந்த வாரமே கீழவீதியில் ஒரு கூரை பற்றிக்கொண்டது. குளத்திலிருந்து கைக்குக் கை குடங்கள் பறந்தன. வரிசையில் ராஜாவும் நின்றான். "தூங்குறீங்களா, சீக்கிரம் நீட்டுங்க!" என்று யாரோ அதட்ட, பூரிப்பில் ஒரு குடத்தைப் போட்டு உடைத்தான். தீ அந்த ஒரு கூரையோடு அடங்கியது.

புகையும் சாம்பலுமாக நின்ற மந்திரியின் கழுத்தில் ராஜா தன் முத்துமாலையைப் போட்டான். "இன்னும் என்ன வேண்டும், கேளும்!"

"குளிக்க வேண்டும், அரசே."

கழுத்தளவு தண்ணீரில் இறங்கியதும் திருமேனியாருக்கு அந்தக் கோடையில் முதல்முறையாக உடம்பு குளிர்ந்தது. கரையில் வெயிலில் கறுத்துப்போன பரங்கிரியார் கயிற்றோடு முன்னும் பின்னும் ஓடினார்.

"ஐயா, அங்கே ஆழம்! இப்படி வாரும்! உமக்கு ஒன்று ஆகிவிட்டால் என் கதி என்ன?"

வருஷக்கணக்காகத் தன்னை ஒழித்துக்கட்டப் பார்த்த மனிதர் அப்படிப் பதறப் பதற, திருமேனியார் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இன்னொரு முழுக்குப் போட்டார்.