நாற்பத்தொரு வினாடி

ஜெசிந்தாவிடம் மவுத் ஆர்கன் கற்க வந்தவர்களில் செங்கோடன்தான் வயதில் மூத்தவர். அவருக்கு அறுபத்திரண்டு. அவளுக்கு முப்பத்தொன்று.

போத்தனூரில் ஒரு மாவு மில்லுக்கு மேலே அவளுடைய அறை. படிகளில் எப்போதும் மாவு படிந்திருக்கும். யார் மேலே வந்தார்கள், யார் பாதியில் திரும்பினார்கள் என்று தடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். செங்கோடனின் செருப்புத் தடம் மூன்று நாள் பாதிப் படிவரை வந்து திரும்பியிருந்தது. நான்காம் நாள் மேலே வந்தார்.

சட்டைப் பையிலிருந்து ஒரு மவுத் ஆர்கனை எடுத்து நீட்டினார்.

“ரெண்டாவது ஓட்டை ரிப்பேருங்க. ஊதினா வருது, மூச்சை உள்ள இழுத்தா வரமாட்டேங்குது. சரி பண்ணிக் குடுங்க டீச்சர்.”

அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். மூடியின் ஓரத்தில் ஆணியால் கீறிய ‘தி’ என்ற எழுத்து. அதை அவளுக்குத் தெரியும்.

“திருமூர்த்தியோட அப்பாவா நீங்க?”

“ஆமாங்க.”

திருமூர்த்தி அவளிடம் நான்கு வருடம் கற்றவன். எட்டு மாதத்துக்கு முன் பொள்ளாச்சி சாலையில் லாரி மோதி இறந்துபோனான். அவள் துக்கத்துக்குப் போயிருந்தாள். அந்தக் கூட்டத்தில் அப்பா யார் என்று யாரும் காட்டவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஒரு துணியை எடுத்தாள். செங்கோடனின் கை குறுக்கே வந்தது.

“தொடைக்கணுங்களா?”

“தொடைக்காம வாய் வைக்கக் கூடாது, ஐயா.”

“அவன் எச்சில்தானுங்க.”

அவள் துணியை மடித்து வைத்தாள்.

“சரி, உக்காருங்க. ரெண்டாவது ஓட்டையை இழுங்க.”

அவர் இழுத்தார். வெறும் காற்று வந்தது.

“பாதி மூச்சு போதும்.”

மறுபடியும் காற்று.

“அதுலயும் பாதி. தூங்கற குழந்தை பக்கத்துல உக்காந்து மூச்சு விடுவீங்களே, அந்த அளவு.”

சத்தம் வந்தது. அவர் மவுத் ஆர்கனை வாயிலிருந்து எடுத்து உற்றுப் பார்த்தார்.

“ரிப்பேர் இல்லீங்களா?”

“புதுசா ஊதறவங்க எல்லாரும் ரெண்டாவது ஓட்டை ரிப்பேர்னுதான் வருவாங்க.”

“அவனும் அப்படித்தான் வந்தானுங்களா?”

“தம்பி கடைக்காரர்கிட்டச் சண்டையே போட்டுட்டு வந்துச்சு.”

செங்கோடன் சிரித்தார். அது சீக்கிரம் முடிந்துவிட்டது.

வியாழக்கிழமைகளில் வரச் சொன்னாள். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை மில்லை நிறுத்திவிடுவார்கள். அந்த நேரத்தில்தான் அந்த அறையில் எதையும் கேட்க முடியும்.

முதல் வியாழக்கிழமை அவள் கேட்டாள்.

“எதுக்குக் கத்துக்கணும்னு நினைக்கிறீங்க?”

அவர் போனை எடுத்தார். திருமூர்த்தியின் போனில் இருந்த ஒரு பதிவு. பக்கத்து வீட்டுப் பெண் அதை இவருடைய போனுக்கு அனுப்பிக் கொடுத்திருந்தாள். அவர் தொட்டதும் மவுத் ஆர்கன் ஒலித்தது. தாழ்வாகத் தொடங்கி, படிப்படியாக ஏறி, ஒரு ஸ்வரத்தில் நின்று, அங்கிருந்து மெல்லக் கீழே சரிந்தது. சரிந்துகொண்டிருக்கும்போதே செங்கோடனின் கட்டைவிரல் அதை நிறுத்திவிட்டது.

“கடைசியா வந்துச்சே, அந்த ஸ்வரம் எந்த ஓட்டையில இருக்குதுங்க? பத்து ஓட்டையும் தேடிட்டேன். ஊதியும் பாத்தேன், இழுத்தும் பாத்தேன்.”

“எந்த ஓட்டையிலயும் இல்லை.”

“பின்ன அவன் எங்கிருந்து எடுத்தான்?”

“நாலாவது ஓட்டையை இழுத்து, வளைச்சு, கீழ இறக்கணும். இது புளூஸ்னு ஒரு மேல்நாட்டு இசை வகை. அதோட ஸ்வர வரிசையில ஆறு ஸ்வரம். சிலது ஓட்டையில இருக்கும். சிலதை ஊதறவங்கதான் உண்டாக்கணும்.”

செங்கோடன் முப்பத்தாறு வருடம் சரக்கு ரயில் ஓட்டியவர்.

“ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல வண்டியை நிறுத்தற மாதிரிங்களா?”

“அப்படித்தான்.”

“அங்க நின்னா யாரும் ஏறவும் முடியாது, எறங்கவும் முடியாதுங்களே.”

அவள் கையை நீட்டிப் போனைக் காட்டினாள்.

“மிச்சத்தையும் போடுங்க.”

“மிச்சத்துல என் சத்தம்தானுங்க இருக்குது.”

அவர் சொன்னார். வேலையில் இருந்த காலத்தில் ஒரு நாள் இரவு டூட்டி முடித்து வந்து பகலில் படுத்திருந்தார். பையன் கொல்லைப்பக்கம் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தான். தூக்கம் கலைந்த கோபத்தில் இவர் கட்டிலில் இருந்தபடியே கத்தினார். அதுவும் அவன் போனில் பதிவாகிவிட்டது.

“அதுக்கப்புறம் வீட்ல அவன் ஊதவே இல்லீங்க. இங்க வந்துதான் ஊதியிருப்பானாட்டம் இருக்குது.”

“ஆமா, ஐயா. இங்கதான்.”

“ருக்மணி, என் சம்சாரம், தினம் விளக்கு வெச்சதும் அதைப் போடறா. நான் கொல்லைக்குப் போய்க் குழாயைத் தெறந்து விட்டுட்டு நின்னுக்குவேன். கேக்கக் கூடாதுன்னு.” அவர் போனை மடியில் கவிழ்த்து வைத்தார். “பையன் வாசிச்சது என் அதட்டல்ல போய் முடியுதுங்க. அது அப்படி முடியக் கூடாது. நீங்க என் சத்தத்தை வெட்டிக் குடுங்க. நான் அந்த ஸ்வரத்தைக் கத்துக்கிட்டு, அவ முன்னாடி உக்காந்து மிச்சத்தை ஊதி முடிச்சுடறேன்.”

“மிச்சம் எப்படிப் போகும்னு எனக்கே தெரியாதே. தம்பி ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி முடிக்கும்.”

“எப்படியோ ஒண்ணு. என் சத்தத்துல முடியாம இருந்தாச் சரி.”

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு அதை அனுப்பி வைங்க. உங்களுக்கு அந்த ஸ்வரம் வர்ற அன்னைக்கு வெட்டித் தர்றேன்.”

அவர் போன பிறகு ஜெசிந்தா பதிவைக் கடைசிவரை கேட்டாள். நாற்பத்தொரு வினாடி. அவர் நிறுத்தியது முப்பத்தைந்தில். திரும்பவும் ஒருமுறை கேட்டாள். அதைப் பற்றி அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

இரண்டு மாதத்தில் மற்ற ஸ்வரங்கள் எப்படியோ வந்துவிட்டன. நான்காவது துளை மட்டும் வளையவில்லை. அவர் பலத்தையெல்லாம் கூட்டி இழுப்பார். ஸ்வரம் திணறி நின்றுவிடும். கன்னம் வலிக்கும். உதட்டில் வெடிப்பு வந்திருந்தது.

“நான் ஊதுனா எதிர்வீட்டு நாய் ருக்மணிகிட்ட வந்து முறையிடுதுங்க,” என்றார் ஒரு நாள்.

“அம்மா என்ன சொன்னாங்க?”

“‘நீயாவது பரவாயில்ல, வெளிய இருக்கறே’ன்னு நாய்கிட்டச் சொன்னா.”

அதே நாளில் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

“இங்க வர்றப்ப அவன் என்னைப் பத்தி ஏதாச்சும் சொல்லியிருக்கானுங்களா?”

“இல்லை, ஐயா.”

“திட்டிக்கூட?”

“திட்டிக்கூட இல்லை.”

அவர் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார்.

அடுத்த வியாழக்கிழமை அவர் உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்.

“நாப்பது வேகன் கோத்த வண்டியை எப்படி நிறுத்துவீங்க?”

“எங்க நிக்கணும்னு தெரிஞ்சதும் ரொம்ப முன்னாடியே பிரேக்கை லேசாத் தொடணுங்க. தொட்டுட்டுக் காத்திருக்கணும். கடைசி வேகன் வரைக்கும் அது போய்ச் சேரணுமில்லீங்களா. அவசரப்பட்டு ஒரே இழுப்பா இழுத்தா வண்டி நடுவுல அத்துக்கும்.”

“அந்த ஒரே இழுப்பைத்தான் ரெண்டு மாசமா இழுத்துட்டிருக்கீங்க.”

அவர் அவளைப் பார்த்தார்.

“நாக்கைக் கொஞ்சமாப் பின்னாடி கொண்டு போங்க. போய்ட்டுக் காத்திருங்க.”

அவர் கண்களை மூடிக்கொண்டு இழுத்தார். ஸ்வரம் நேராக நின்றது. நாக்கு பின்னால் போனது. ஒன்றும் நடக்கவில்லை. அவர் காத்திருந்தார். பிறகு ஸ்வரம் சரியத் தொடங்கியது. திருமூர்த்தியின் ஸ்வரம் நின்ற அதே இடத்தில் போய் நின்றது. இழுத்து வாசிப்பதால் மூச்சு உள்ளே நிறைந்துகொண்டே போனது. இனி இடமில்லை என்றான பிறகுதான் அவர் வாயை எடுத்தார்.

“வந்துச்சுங்க.”

“வந்துச்சு.”

அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப வெட்டிக் குடுங்க டீச்சர்.”

ஜெசிந்தா மவுத் ஆர்கனைக் கேட்டு வாங்கினாள். சின்ன திருப்புளியால் மேல் மூடியின் இரண்டு திருகாணிகளைக் கழற்றினாள். உள்ளே பித்தளைத் தகடு. அதில் வரிசையாகப் பத்து மெல்லிய உலோக நாக்குகள்.

“மேல் தகட்டுல இருக்கறது ஊதினாப் பேசும். இதே மாதிரி கீழ ஒரு தகடு இருக்கு. அதுல இருக்கறது இழுத்தாப் பேசும். ஒவ்வொரு ஓட்டைக்கும் மேல ஒண்ணு, கீழ ஒண்ணு.”

செலோ டேப்பில் நகத்தளவு கிழித்து, மேல் தகட்டில் நான்காவது நாக்கின் இடத்தை மட்டும் மூடி ஒட்டினாள். மூடியை மாட்டி அவரிடம் கொடுத்தாள்.

“நாலாவதை ஊதுங்க.”

சத்தமில்லை.

“இழுங்க.”

எப்போதும் போல் வந்தது.

“இப்ப வளைங்க.”

அவர் நாக்கைப் பின்னால் கொண்டுபோய்க் காத்திருந்தார். ஸ்வரம் கம்பி மாதிரி நேராக நின்றது. மறுபடியும் காத்திருந்தார். ஐந்தாறு முறை பார்த்தார். அது அசையவில்லை.

“இப்பத்தானுங்க வந்துச்சு.”

“இழுக்கறப்பப் பேசற நாக்கு கீழ இருக்கு. அதை நான் தொடவே இல்லை.”

“மேல இருக்கறது இழுக்கறப்ப சும்மாதானுங்க கெடக்குது?”

“பாத்தா அப்படித்தான் இருக்கும்.”

“சும்மா கெடக்கறதை அடைச்சா, பேசறது ஏனுங்க வளைய மாட்டேங்குது?”

“வளையறதுக்கு ரெண்டும் வேணும், ஐயா.” அவள் மூடியைக் கழற்றி டேப்பை உரித்தாள். அவர் வாங்கி இழுத்தார். ஸ்வரம் சரிந்து இறங்கியது. அவர் அதை இரண்டு முறை செய்து பார்த்துவிட்டு மவுத் ஆர்கனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

அவள் தன் போனை எடுத்துப் பதிவைப் போட்டாள்.

மவுத் ஆர்கன் தாழ்வாகத் தொடங்கியது. ஏறியது. நின்று சரிந்தது. செங்கோடனின் கட்டைவிரல் தானாக நீண்டது. ஜெசிந்தா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“ஊளை விடாதடா. போதும், நிறுத்து.”

தன் குரலுக்கு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

பதிவு இன்னும் ஓடியது. மவுத் ஆர்கனை எதன்மேலோ வைக்கும் சத்தம். பிறகு திருமூர்த்தி சிரித்தான். வாய்க்குள் அடக்கப் பார்த்து, முடியாமல் வெளியே வந்துவிட்ட சிரிப்பு. “சரிங்கப்பா,” என்றான். அவ்வளவுதான்.

செங்கோடன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

“சிரிக்கறான்,” என்றார்.

“ஆமா, ஐயா.”

“இன்னொருக்காப் போடுங்க.”

அவள் போட்டாள். இந்த முறை அவர் விரல் நீளவில்லை.

“ருக்மணி இதுக்குத்தான் தினம் போடறாளா?”

“அது எனக்குத் தெரியாது.”

“ஆனாலும் அதுக்கப்புறம் வீட்ல ஊதலையே அவன்.”

“ஊதலைதான்.”

கீழே யாரோ மில்லின் இரும்புக் கதவைத் தள்ளித் திறந்தார்கள். மணி நான்காகப் போகிறது. செங்கோடன் மவுத் ஆர்கனைச் சட்டைப் பையில் போட்டார். மறுபடியும் வெளியே எடுத்தார். கட்டைவிரலால் அந்த ‘தி’யைத் தடவிக்கொண்டிருந்தார்.

“டீச்சர். என் சத்தத்தை மட்டும் எடுத்துப்போட்டு, அவன் சிரிப்பை வெச்சுக் குடுக்க முடியாதுங்களா?”

“முடியும், ஐயா. ஆனா அப்புறம் கேக்கறவங்களுக்குத் தம்பி எதுக்குச் சிரிச்சுதுன்னு தெரியாது.”