ஹெப்சிபா சமன்பாடு

படிகங்களுக்குள் எலக்ட்ரான்கள் எப்படிக் கூடி நகர்கின்றன என்பதைக் கணக்கால் சொல்பவர் பேராசிரியர் ஹெப்சிபா. இளம் வயதில் அவர் கண்ட சமன்பாடு அவர் பெயராலேயே பாடப்புத்தகங்களில் இருந்தது.

அவரிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவன் இசக்கிமுத்து. அந்தச் சமன்பாட்டிலிருந்து அவன் போட்ட எந்தக் கணக்கும் புதிய சோதனைகளோடு ஒத்துவரவில்லை. தனக்கு மூளை போதாது என்றே நினைத்தான். ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஏதாவது பள்ளிக்கூடத்தில் வேலை தேடலாம் என்று முடிவும் செய்துவிட்டான்.

கிளம்புவதற்கு முன் அந்தச் சமன்பாட்டையே முதலிலிருந்து போட்டுப் பார்த்தான். கூட்ட வேண்டிய ஓரிடத்தில் கழித்திருந்தது.

மறுநாள் அவர் அறைக்குப் போனான்.

“மேடம், கணக்கு இடிக்குது. யாரைச் சந்தேகப்படணும்?”

“யார் கணக்கு?”

அவன் தன் நோட்டை அவர் முன்னால் வைத்தான்.

“பலகையில எழுது.”

எழுதினான். அந்த வரி வந்ததும் கை நின்றது. ஹெப்சிபா எழுந்து வந்து சாக்பீஸை வாங்கி, மீதியைத் தானே போட்டார். கடைசியில் வந்த விடையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த வாரம் அவருக்குப் பணி நிறைவு விழா. வெளிநாடுகளிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். மாலை போட்டார்கள், புகழ்ந்தார்கள். ஏற்புரைக்கு ஹெப்சிபா எழுந்தார்.

“என் சமன்பாடு தப்பு. எப்படித் தப்புன்னு இசக்கிமுத்து சொல்லுவார்.”

இறங்கி வந்து மாணவர்களோடு உட்கார்ந்துகொண்டார்.

இசக்கிமுத்து மேடையேறிப் பலகையில் எழுதத் தொடங்கினான். பலகை நிறைய நிறையக் குரல் தெளிந்தது. முடித்தபோது ஒருவரும் கைதட்டவில்லை. ஹெப்சிபா மட்டும் கையைத் தூக்கி ஒரு சந்தேகம் கேட்டார். அவன் விளக்கினான். அவர் குறித்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்தபின் வாசலில் அவரைத் தேடிப் பிடித்தான்.

“நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா உங்க பேராவது மிஞ்சியிருக்கும், மேடம்.”

“இத்தனை வருஷமா அந்தத் தப்பை ஏன் யாரும் பார்க்கல, தெரியுமா?”

“தெரியல.”

“என் பேர் அதை மறைச்சுக்கிட்டு நின்னுச்சு.”